பிள்ளைகளைச் சாக்காக வைத்து

பூங்காவுக்குப் போவது பிள்ளைகளுக்காக என்றுதான் எல்லோரும் சொல்வோம். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சில வருடங்கள் ஓட்டிய பிறகு எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே மைதானம் இருக்கிறது, இடைவேளையில் கூட ஓடக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் அப்பா அம்மாதான். பூங்கா அவர்களுக்கும்தான் நல்லது. வேலை, வீடு, மளிகைக் கடை, மறுபடி வீடு. ஊரில் வாசலில் நின்றாலே நாலு பேரிடம் பேசிவிடலாம். இங்கே வாசல் என்பது பன்னிரண்டாவது மாடியில் ஒரு நடைபாதை, அதில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்.

அடுக்குமாடியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சின்னவன் சோபாவிலிருந்து குதித்தால் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைக் கம்பால் தட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு இரவு ஷிஃப்ட். ஆனால் காலையிலிருந்து "ஓடாதே, குதிக்காதே, மெதுவா நட" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் என் குரலே எனக்குப் பிடிக்காமல் போய்விடும். பூங்காவில் கால் வைத்ததும் அந்த வசனம் எதுவும் தேவையில்லை. அவர்கள் கத்தலாம், உருளலாம், மண்ணைக் கிளறலாம். அவர்களுக்குக் கிடைக்கும் விடுதலை பாதிதான், அதட்டும் வேலையிலிருந்து எனக்குக் கிடைப்பது மீதி.

அப்புறம் பெஞ்ச். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. புதிய நாட்டில் கணவன் மனைவிக்குள் பேச வேண்டிய கனமான விஷயங்கள் நிறைய. வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், படித்த படிப்புக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா, அம்மாவின் மூட்டுவலிக்கு ஒரு நடை ஊருக்குப் போய் வர வேண்டுமா. இதையெல்லாம் வீட்டில் ஆரம்பித்தால் சமையலறையில் நேருக்கு நேர் நின்று பேச வேண்டும், அது சீக்கிரமே சண்டையாகும், பிள்ளைகள் காது கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். பெஞ்சில் இரண்டு பேரும் ஊஞ்சலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததாலோ என்னவோ, குரல் உயர்வதில்லை. நடுவில் பேச்சு நின்றுபோனாலும் தப்பாகத் தெரியாது. எங்கள் வீட்டின் பெரிய முடிவுகளில் பாதி தாம்சன் மெமோரியல் பூங்காவில் எடுத்தவை.

அங்கேதான் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பழக்கமானார். பேரனைக் கூட்டிக்கொண்டு வருவார். முதல் பேச்சே, "குளிர் வரமுதல் பிள்ளையளுக்குச் சப்பாத்து வேண்டிப் போடுங்கோ, பிறகு நல்ல அளவு கிடையாது" என்பதுதான். நாங்கள் திருச்சிக்காரர்கள், அவர் தமிழை முழுசாகப் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. எந்த மருத்துவர் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறார், பிள்ளைகளின் பனி உடையைப் பழைய துணிக் கடையில் எப்போது தேட வேண்டும், நூலகத்தில் என்னென்ன இலவசம் என்பதெல்லாம் அவர் வாய்வழியாக வந்த பாடங்கள்தான். இணையத்திலும் இருக்கும். ஆனால் என்ன தேட வேண்டும் என்றே தெரியாதவருக்கு இணையம் எப்படி உதவும்?

இந்த ஊரில் பச்சை இடம் இவ்வளவு கிடைப்பதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி வந்து ஆறுகள் பெருக்கெடுத்ததில் ஒன்டாரியோவில் 81 பேர் இறந்தார்கள். கரையோரம் இருந்த வீடுகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. அதன் பிறகு வெள்ளம் ஏறும் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள், அந்த நிலங்களில் பல பூங்காக்களாயின. அதனால்தான் கார் இல்லாத குடும்பமும் பேருந்தில் ஏறி ஆற்றங்கரைக் காட்டுக்குள் இறங்கிவிட முடிகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 2015-ல் அமைந்தது, 79 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே போகக் காசு கிடையாது. மாசக் கடைசியில் இது சின்ன விஷயமில்லை. ஒன்று மட்டும், அங்கே உயரமான புல்லுக்குள் போய்வந்தால் பிள்ளைகளின் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் உடம்பிலும்தான். லைம் நோய் என்ற கிருமித் தொற்று அது கடிப்பதால் வரலாம்.

எவ்வளவு நேரம் போனால் பிரயோஜனம் என்று என் தம்பி கேட்டான், அவனுக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதல். அதை ஒரே தடவையில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். தெம்பாக இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்று எதிர்வாதம் வைக்கலாம், வைக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழுவது சாப்பாட்டில். பூங்கா என்றதும் புளியோதரை, தயிர்சாதம், வடை, சிக்கன் என்று அம்மா விடியற்காலையே எழுந்து அடுப்பில் நிற்பாள், போன இடத்தில் பரிமாறுவாள், திரும்பி வந்து பாத்திரம் கழுவுவாள். அதற்கு அவள் வீட்டிலேயே தூங்கியிருக்கலாம். பெற்றோருக்கும் நல்லது என்பதில் அம்மாவும் சேர்த்தி. ரொட்டி, பழம், தெர்மாஸில் டீ போதும். அல்லது அப்பா கட்டட்டும்.

குளிர்காலத்தை விட்டுவிடக் கூடாது. டிசம்பரில் நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், வேலைக்குப் போகிறவர் வார நாளில் வெயிலையே பார்க்க மாட்டார். மனசு மந்தமாகும், ஊர் ஞாபகம் அதிகமாகும். அப்போதுதான் வார இறுதியில் ஒரு பகல் நேரம் வெளியே இருப்பது மருந்து மாதிரி வேலை செய்கிறது. வைட்டமின் டி-க்கு அந்த வெயிலை நம்ப வேண்டாம். இந்த அட்சரேகையில் குளிர்கால வெயில் அதற்குப் போதாது, அதிலும் நம் நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு நல்ல கோட்டு வாங்கிவிட்டு, தனக்கு மலிவாக ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கும் பெற்றோர்களை ஒவ்வொரு பனிச்சறுக்கு மேட்டிலும் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் அவர்கள்தான் "போதும், வா போகலாம்" என்பார்கள். முதலில் உங்களுக்குக் கையுறை வாங்குங்கள். இன்னொன்று, பல பூங்காக்களில் குளிர்காலத்தில் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். வீட்டிலேயே எல்லோரையும் அனுப்பிவிட்டு, அப்புறம் பனி உடையை மாட்டுங்கள்.