நீளக் குழாய் பால் புட்டி

நேத்து ராத்திரி தூக்கம் வராம பழைய பால் புட்டிப் படங்களா பார்த்துட்டு இருந்தேன். ஒண்ணு மட்டும் மனசை விட்டுப் போகல. 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல வித்தது. கண்ணாடிக் குப்பியிலேருந்து நீளமா ஒரு ரப்பர் குழாய், அதோட முனையில காம்பு. பக்கத்துல வெச்சுட்டா குழந்தை தானே உறிஞ்சிக்கும், அம்மா வேலையைப் பார்க்கலாம். வசதிதான். ஆனா குழாய்க்கு உள்ள எப்படிக் கழுவுறது? பால் அங்கேயே திரிஞ்சு கிருமி மண்டும். கோடையில வயித்துப்போக்கு வந்து எத்தனையோ பிஞ்சுங்க போச்சு. 1910ல பிரான்ஸ் சட்டம் போட்டு இந்தப் புட்டியைத் தடை பண்ணுச்சு.

அதுக்கு முன்னாடியே, 1892ல, பாரீஸ்ல பியர் பூதேன்னு ஒரு மகப்பேறு மருத்துவர், பிரசவம் முடிஞ்சு வீட்டுக்குப் போன குழந்தைகளைத் திரும்ப வரவெச்சு எடை பார்க்க ஆரம்பிச்சார். நோய் வந்த பிறகு இல்ல, நல்லா இருக்கும்போதே! தாய்ப்பாலுக்குத்தான் முதலிடம், வழியே இல்லாதவங்களுக்குக் கொதிக்கவெச்ச பால்.

1894ல ஃபெக்காம்ங்கிற துறைமுக ஊர்ல மருத்துவர் லெயோன் துஃபூர் 'பால் துளி'ன்னு ஒரு நிலையம் தொறந்தார். (என்ன அழகான பேரு!) ஒரு வேளைக்கு ஒரு புட்டின்னு அளந்து, ஒரு நாளுக்கானதைக் கூடையில அடுக்கித் தருவாங்க. மறுநாள் காலிப் புட்டிங்களோட அந்தக் கூடை திரும்ப வரணும்.