கெட்ட செய்தியை முதல் வரியில் எழுதுவது

நெதர்லாந்தின் துறைமுக நகரமான ரோட்டர்டாமில் என் வேலையில் பெரும்பகுதி கெட்ட செய்தி எழுதுவதுதான். கப்பல் தாமதம், கன்டெய்னர் கொழும்பில் நின்றுவிட்டது, சுங்கத்துறை சோதனைக்கு எடுத்து வைத்துவிட்டது, கிடங்குக்கு இன்று வர வேண்டிய லாரி நாளைக்குத்தான் வரும். எங்கள் நிறுவனம் சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்து கொடுக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கணினியே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பிவிடும். ஏதாவது தவறிப்போனால்தான் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுத வேண்டும். அப்படி எழுதுபவர்களில் நானும் ஒருத்தி.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். அப்பா மாங்காய் மண்டி வைத்திருந்தார். வியாபாரம் முழுவதும் போனில் நடக்கும். "வண்டி எங்கே வருகிறது?" என்று சேலத்து வியாபாரி கேட்டால், "தொப்பூர் தாண்டிவிட்டது" என்று பதில் போகும். வண்டி அப்போது தோப்பில் லோடு ஏறிக்கொண்டிருக்கும். கேட்டவருக்கும் அது தெரியும்; தெரிந்தே "சரி, வரட்டும்" என்று போனை வைப்பார். அதை யாரும் ஏமாற்று என்று எண்ணியதில்லை. முப்பது வருடப் பழக்கம் உள்ள இருவர், ஒருவர் மனத்தாங்கலை இன்னொருவர் சற்றுத் தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் நேரில் பார்த்து டீ குடிக்கும்போது கணக்கு நேராகிவிடும்.

இங்கே எங்கள் வாடிக்கையாளர்களில் பலரை நான் நேரில் பார்க்கப்போவதே இல்லை. என் குரல்கூட அவர்களுக்குத் தெரியாது. என்னிடமிருந்து அவர்களுக்குப் போய்ச் சேருவது அந்த மின்னஞ்சல் மட்டும்தான்.

வந்த புதிதில் என்னை மிகவும் திணறவைத்தவை வார எண்கள். இந்த ஊரில் யாரும் செப்டம்பர் முதல் வாரம் என்று சொல்வதில்லை. 36ஆம் வாரம் என்பார்கள். பள்ளி விடுமுறை, தொழிற்சாலை ஷிஃப்ட், வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வருகிறவர், எல்லாமே வார எண்ணில் ஓடும். ஒரு பழச்சாறு தொழிற்சாலை 34ஆம் வாரம் மாங்கூழ் வரும் என்று குறித்துக்கொண்டால், அந்த வாரத்துக்குத் தொட்டிகளைக் கழுவித் தயாராக வைக்கும், ஆட்களை ஷிஃப்டில் போடும், கடைகளுக்குத் தேதி கொடுக்கும். அவர்களிடம் போய் "தொப்பூர் தாண்டிவிட்டது" என்று சொன்னால், அந்த ஒரு வரியை நம்பி எத்தனையோ பேர் வேலைக்கு வந்து நிற்பார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் டச்சுக்காரர்களின் வெட்டொன்று துண்டிரண்டான எழுத்து எனக்கு முரட்டுத்தனமாகத் தெரியவில்லை.

வாடிக்கையாளராக இருந்து பார்த்ததும் உதவியது. முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் அதிகாலை, நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தை நிர்வகிப்பவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் கட்டடத்தில் வெந்நீரும் சூடேற்றியும் வேலை செய்யவில்லை, காலை 8 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் ஆள் வருவார், 12 மணிக்கு நிலைமையை மறுபடி எழுதுகிறோம், கைக்குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், சிறிய மின்சூடேற்றி கொண்டுவந்து தருகிறோம். மகனுக்கு அப்போது பால் குடிக்கும் வயது. நான் குழாயைத் திறந்து பார்க்கும் முன்பே செய்தி வந்துவிட்டது. 12 மணிக்கு இரண்டாவது மின்னஞ்சலும் வந்தது: உதிரிபாகம் கிடைக்கவில்லை, மாலை 6 மணி ஆகும் என்று. வெந்நீர் வரவில்லை, ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவர் நம்மை நினைத்துக்கொண்டே வேலை பார்க்கிறார் என்பது அந்த இரண்டாவது மின்னஞ்சலில் தெரிந்தது. சிக்கலைச் சரிசெய்ய முடியாத நேரத்திலும் சொன்ன நேரத்துக்கு எழுதிவிட வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை.

2024 ஜூலையில் ஊருக்குப் போயிருந்தேன். பெங்களூரா மாம்பழம் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். பெரியப்பா மகன் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். கேட்டுக்கு வெளியே சாலையோரமாக டிராக்டர்களும் லாரிகளும் வரிசைகட்டி நின்றன. உள்ளே போனால் பழம் வேகும் வாசனை தலைமுடிவரை ஏறிவிடும். ஆபீஸ் அறையில் அண்ணன் கணினி முன் உட்கார்ந்து, நெதர்லாந்தில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிக்கொண்டிருந்தார். "நல்ல நேரத்துக்கு வந்தாய் பாப்பா, இதைக் கொஞ்சம் பார்" என்றார்.

விஷயம் இதுதான். மே மாதம் கூழாக்கிய அல்போன்சா, ஒரு கன்டெய்னர், 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ. சென்னையிலிருந்து கொழும்பு போய்விட்டது. அங்கே பெரிய கப்பலுக்கு மாற்ற வேண்டும். அந்தக் கப்பலில் இடம் இல்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். 2023 டிசம்பரிலிருந்து செங்கடல் தாக்குதல்களுக்குப் பயந்து பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. பயணமே பத்து நாள், இரண்டு வாரம் என்று நீண்டுவிட்டது. கொழும்பில் நெரிசலும் கூடிவிட்டது. அப்படி நீண்ட பயணத்தில் இன்னும் ஒரு தாமதம் சேர்ந்தது.

அண்ணன் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். அதன் சாரம் தமிழில் இப்படி வரும்: "மதிப்பிற்குரிய ஐயா, தாங்களும் தங்கள் நிறுவனத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள்மீது தாங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு என்றென்றும் நன்றியுடையோம். தவிர்க்க இயலாத சில காரணங்களால் சரக்கு வந்து சேர்வதில் சிறிது தாமதம் ஏற்படக்கூடும். தங்கள் மேலான ஒத்துழைப்பை வேண்டுகிறோம்." இதற்குக் கீழே செங்கடல் பிரச்சினையைப் பற்றி நீளமாக ஒரு பத்தி.

அந்தப் பணிவு உண்மையானது. அண்ணன் அந்த வாடிக்கையாளரை மனதார மதிக்கிறார். ஆனால் இதைப் படிக்கிறவர் தொட்டியைக் கழுவச் சொல்வதா, ஆட்களை விடுப்பில் அனுப்புவதா என்று முடிவெடுக்க முடியாது. செங்கடல் கதை ரோட்டர்டாமில் உட்கார்ந்திருப்பவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

"அண்ணா, கலெக்டர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுப்பவர் எப்படி எழுதுவார்?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதால் பாட்டியின் பட்டா மாறுதலுக்குத் தருமபுரிவரை அலைய வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பாட்டியை அழைத்துப் போனவர் அண்ணன்தான். பாட்டி தன் மாமனார் காலத்திலிருந்து கதையைத் தொடங்கினார். மனு எழுதுபவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு மூன்றே கேள்வி கேட்டார்: சர்வே எண் என்ன, முன்பு எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள், இப்போது என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். முழுக்கதையும் அரைப் பக்கத்தில் அடங்கியது. மேலே "பொருள்" என்று ஒரு வரி. அதைப் படித்த மாத்திரத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். நேராக எழுதுவது ஏதோ வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று வெளிநாட்டில் நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மனு எழுதுபவரை விடத் திருத்தமாக எழுதும் ஆளை நான் இங்கே எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

இருவரும் சேர்ந்து எழுதினோம். தமிழில் சொன்னால் இதுதான்:

"பொருள்: அல்போன்சா மாங்கூழ் 80 டிரம், 34ஆம் வாரத்துக்குப் பதிலாக 36ஆம் வாரம் வரும்.

உங்கள் கன்டெய்னர் 34ஆம் வாரம் ரோட்டர்டாம் வந்து சேராது. கொழும்பில் அது ஏற வேண்டிய கப்பலில் ஏற்றப்படவில்லை. அடுத்த கப்பலில் இடம் உறுதியாகியிருக்கிறது. கப்பல் நிறுவனம் இப்போது தரும் வருகைத் தேதி செப்டம்பர் 3, 36ஆம் வாரம். கூழ் கிருமிநீக்கிய பைகளில் அடைக்கப்பட்டிருப்பதால் இந்தக் காத்திருப்புக்குக் குளிர்பதனம் தேவையில்லை.

இது உங்கள் உற்பத்தித் திட்டத்தைக் கலைக்கும் என்பதை அறிவோம், வருந்துகிறோம். 34ஆம் வாரத்துக்குக் குறைந்தது எத்தனை டிரம் வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைக்குள் தெரிவித்தால், ஐரோப்பாவில் இருப்பு வைத்திருக்கும் எங்கள் முகவரிடம் அதே வகைக் கூழ் கேட்டுப் பார்க்கிறோம்.

கப்பல் கொழும்பிலிருந்து கிளம்பியதா என்பதை வெள்ளிக்கிழமை உங்கள் நேரம் பிற்பகல் 2 மணிக்கு எழுதுகிறோம். கிளம்பாவிட்டாலும் எழுதுகிறோம்."

"வருந்துகிறோம்" என்ற இடத்தில் அண்ணன் விரலை வைத்தார். "இப்படி எழுதினால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடாதா? பணத்தில் பிடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?" நியாயமான பயம். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒரு கன்டெய்னரில் லாபம் மிக மெல்லியது. கடல்வழிக் காப்பீடும் வெறும் தாமதத்தால் வரும் இழப்பைப் பொதுவாக ஈடுகட்டாது. ஆனால் இந்த ஒப்பந்தம் சிஐஎஃப் முறையில், அதாவது காப்பீடும் கப்பல் கட்டணமும் விலையிலேயே சேர்த்துப் போட்டது. சென்னையில் கப்பலில் ஏற்றிய கணத்திலேயே சரக்கின் ஆபத்து வாங்குபவர் பக்கம் போய்விடுகிறது. அவர் சிரமத்துக்கு வருந்துவது ஒன்று, நஷ்டத்தை ஏற்பது வேறு. அந்த வரியில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. அதே சமயம் "இதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றும் எழுத வேண்டாம் என்றேன். ஒப்பந்தம் அவர் கையிலும் இருக்கிறது. முதல் மின்னஞ்சலிலேயே அதை எடுத்துக் காட்டினால் பேச்சு சண்டையில்தான் தொடங்கும். கப்பல் நிறுவனத்தைத் திட்டி எழுதவும் அண்ணனுக்கு ஆசை இருந்தது. வாடிக்கையாளர் பழம் வாங்கியது நம்மிடம், கப்பலிடம் இல்லை என்றதும் விட்டுவிட்டார்.

கடைசி வரிதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது. "செய்தியே இல்லாதபோது என்ன எழுதுவது?" செய்தி இல்லை என்பதை எழுத வேண்டும். சொன்ன நாளில் ஒன்றும் வராவிட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் மோசமானதைத்தான் கற்பனை செய்துகொள்வார்.

டச்சு அலுவலகத்திடமிருந்து நான் எடுத்துக்கொள்ளாத பழக்கமும் ஒன்று உண்டு. எங்கள் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் சில வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் சிறிய ஏற்றுமதியாளர்கள். கன்டெய்னர் துறைமுகத்தில் இலவச நாட்களைத் தாண்டி நின்று டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கினால், என் சக ஊழியர்கள் தொகையைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எழுத்தில் பிழை இருக்காது. ஆனால் சீசன் முழுவதும் கடன் வாங்கி ஓட்டுகிற ஒருவர் அந்தத் தொகையைத் திரையில் தனியாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் முதலில் போன் செய்கிறேன். "அண்ணா, ஒரு சங்கடமான விஷயம், இப்போது பேசலாமா?" என்று கேட்டுச் சொல்லிவிட்டு, பேசியது எல்லாவற்றையும் அரை மணி நேரத்துக்குள் எழுத்தில் அனுப்புகிறேன். மேலாளருக்கு முதலில் இது நேர விரயமாகப் பட்டது. அந்த வாடிக்கையாளர்கள் கட்டணத்தைத் தள்ளிப்போடாமல் கட்டுவதைப் பார்த்த பிறகு அவர் ஒன்றும் சொல்வதில்லை.

அண்ணன் அனுப்பிய மின்னஞ்சலுக்கு அன்று மாலையே நான்கு வரியில் பதில் வந்தது. 34ஆம் வாரத்துக்கு 24 டிரம் இருந்தால் போதும், மீதி 36இல் வரட்டும், வேறு பானத்தை முன்னால் ஓட்டிக்கொள்கிறோம், முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி. முகவரிடம் 20 டிரம் கிடைத்தது. அண்ணன் அதை உடனே எழுதிவிட்டார், நான்கு டிரம் குறைகிறது என்பதையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, அதாவது அங்கே 2 மணிக்கு, கப்பல் கொழும்பில்தான் நின்றது. நான் காவேரிப்பட்டணத்தில் இருந்தேன். நினைவூட்ட வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அனுப்பியதன் நகல் என் போனில் வந்து விழுந்தது. "கப்பல் இன்னும் கிளம்பவில்லை. ஞாயிறு இரவு கிளம்பும் என்கிறார்கள். செப்டம்பர் 3இல் இதுவரை மாற்றம் இல்லை. திங்கட்கிழமை உங்கள் நேரம் காலை 10 மணிக்கு எழுதுகிறேன்."

அடுத்த நிமிடம் போன் செய்தார். அதே வாடிக்கையாளர் பெங்களூரா கூழ் இரண்டு கன்டெய்னர் கேட்டிருந்தாராம். "இப்போதே வாரம் போட்டு எழுதிவிடட்டுமா பாப்பா?"

"கப்பலில் இடம் உறுதியாகிவிட்டதா அண்ணா?"

"இன்னும் இல்லை. திங்கள் சொல்கிறேன் என்றார்கள்."

"அப்படியானால் திங்கள் எழுதுவோம் என்று மட்டும் எழுதுங்கள்."

சரி என்று வைத்தவர், அன்று இரவே சென்னையில் இருக்கும் கப்பல் முகவருக்குப் போன் போட்டு, இடத்துக்காக வாதாடிக்கொண்டிருந்ததாக அண்ணி சொன்னார்.