ஆபா எண் எடுத்த பிறகுதான் வேலையே இருக்கிறது

ஆபா (ABHA) என்பது வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் உங்கள் மருத்துவப் பதிவுகளை இணைத்துப் பார்க்க மத்திய அரசு தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு. அதற்கான எண் எடுப்பது பெரிய விஷயமே இல்லை. அரசின் ஆபா செயலியில் ஆதார் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் 14 இலக்க எண் வந்துவிடும், காசு கிடையாது. ஆதாரில் இருக்கும் மொபைல் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய சிம்மைத் தொலைத்த பெரியவர்கள் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். கொரோனா தடுப்பூசிக்கு ஆதார் காட்டிய சிலருக்கு அப்போதே எண் உருவாகியிருக்கிறது. அவர்களுக்குப் பழைய எண்ணே திரையில் வரும்.

இது காப்பீட்டு அட்டை இல்லை. 5 லட்ச ரூபாய் சிகிச்சைக்கான அட்டை வேறு, இது வேறு. கவுண்டரில் இதை நீட்டி வாக்குவாதம் செய்து பயனில்லை.

எண் வந்ததும் செயலியைத் திறந்தால் உள்ளே காலியாக இருக்கும். உங்கள் ஆவணங்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப் தயாரித்ததோ அங்கேயே இருக்கும். நீங்கள்தான் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்ததும், மொபைல் எண், பெயர், பாலினம், பிறந்த வருடம் ஆகியவற்றை வைத்து அவர்களுடைய கணினி உங்கள் பழைய பதிவைத் தேடும். நம் ஊர் ஆட்களுக்கு இடிப்பது இங்கேதான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஓபி சீட்டில் முன்னால் இருக்கும். இன்னொரு இடத்தில் அப்பா பெயரே முழுசாக ஏறியிருக்கும். "அறுபது, அறுபத்திரண்டு இருக்கும்" என்று சொன்ன வயதிலிருந்து பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டிருப்பார்கள். மொபைல் எண்ணோ அன்று கூட வந்த மருமகனுடையது. பிறகு எப்படிப் பொருந்தும்?

வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தேடாதீர்கள். பழைய ஓபி சீட்டில் நோயாளி எண் இருக்கும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு பதிவு கவுண்டரில் பெயர், பிறந்த தேதி, மொபைல் மூன்றையும் திருத்தச் சொல்லுங்கள், கையோடு ஆபா எண்ணையும் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரியின் மென்பொருளே ஆபா அமைப்பில் சேரவில்லை என்றால் வழியில்லை. காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்த இடங்களில் அடுத்த முறை கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்தே பதிவு போடுங்கள். விவரம் ஆபாவிலிருந்தே போகும் என்பதால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை.

கவனம் தேவைப்படுவது ஒப்புதலில். டாக்டரோ காப்பீட்டு நிறுவனமோ உங்கள் பதிவைப் பார்க்க விரும்பினால் செயலிக்குள் கோரிக்கை வரும். என்ன நோக்கம், எந்த வகை ஆவணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். அப்படியே 'சம்மதம்' அழுத்திவிடாமல் திருத்திவிட்டுக் கொடுங்கள். முழங்கால் வலிக்குப் பார்க்கும் டாக்டருக்குப் பத்து வருட மனநல மருந்துச்சீட்டு எதற்கு? தேதியைச் சுருக்குங்கள், தேவையில்லாத ஆஸ்பத்திரியின் டிக்கை எடுங்கள், காலாவதியை முன்னால் கொண்டுவாருங்கள். கொடுத்த ஒப்புதலைப் பின்னால் ரத்து செய்யலாம், ஆனால் அது அடுத்து எடுப்பதைத்தான் தடுக்கும். அதற்குள் அவர்கள் பார்த்துவிட்டதைப் பார்க்காததாக்க முடியாது. போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

ஒரே போனில் வீட்டார் எல்லோருடைய ஆபாவும் இருந்தால், போன் யார் கையிலோ ஒப்புதலும் அவர் கையில்தான். கல்லூரிப் பெண்ணுக்கும் தனியாக மருந்து எடுக்கும் தாத்தாவுக்கும் அவரவர் எண்ணிலேயே கணக்கு இருப்பது நல்லது. ஆபா கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் செயலிழக்கச் செய்யலாம், பிறகு மீட்கலாம். 'நீக்கு' என்று கொடுத்தால் அந்த எண் திரும்ப வராது.

பழைய காகிதங்களை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, '2024-03-15 டிஸ்சார்ஜ்' என்று வருடம் முன்னால் வரும்படி பெயரிடுங்கள், தானாகவே வரிசையில் நிற்கும். அரசின் ஆவணச் சேமிப்புச் செயலியான டிஜிலாக்கரில் ஏற்றுவதானால் ஒரு கோப்பு 10 எம்பிக்குள் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட்டை அனுப்பிப் பிரிண்ட் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். அவசரத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், கடையை விட்டு இறங்கும் முன் 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்து, அவர் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் அழிக்கச் சொல்லுங்கள்.