வலிக்குதா?

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை. ஜூன் மழையில் இருமல் கிளம்பிவிட்டால், கண்ணில் ரத்தம் கட்டியவர்களும் கூடவே வருவார்கள்.

தேயிலை பறிக்கிற அக்கா ஒருவர் முக்காட்டால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு வந்தார். காலையில் மகள் பார்த்து அலறிய பிறகுதான் அவருக்கே தெரியுமாம். கருவிழியைச் சுற்றி வெள்ளை முழுக்கச் செம்பருத்தி நிறம். வலி இல்லை, பார்வை மங்கவில்லை, கூச்சமும் இல்லை. வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்கு அடியில் நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். இருமினாலோ முக்கினாலோகூட உடையும். டாக்டர் பிரஷர் பார்க்கச் சொன்னார்: 180/100. அன்றைக்குக் கவலைப்பட வேண்டியது அதுதான். கண்ணுக்கு மருந்தே எழுதவில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். “இவ்வளவு ரத்தத்துக்கு ஒரு சொட்டுமருந்துகூட இல்லையா சிஸ்டர்?” என்று கோபித்துக்கொண்டு போனார். மெடிக்கலில் தானாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டுக்கொள்வதற்கு இந்தக் கோபம் எவ்வளவோ மேல்.

இப்படிப் பலரைப் பார்த்து வாய் பழகிவிடும். “ஒண்ணுமில்ல, தானா சரியாயிடும்.”

அப்புறம் ஒரு நாள் பணியர் பழங்குடி வீட்டுப் பையன், பன்னிரண்டு வயது. ஒரு கண்ணின் இமை ஊதாவாக வீங்கி, விழி சற்று முன்னே தள்ளியிருந்தது. விழவில்லை, யாரும் அடிக்கவில்லை என்றார் அப்பா. நான் அவரையே ஒரு மாதிரி பார்த்தேன். “வலிக்குதா தம்பி?” என்றதும் பையன் கண்ணைக் காட்டிவிட்டுத் தொடையையும் தொட்டுக் காட்டினான். அப்பா சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே சிக்கிள் செல் என்ற ரத்த நோய்க்கான அட்டை.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இதில் அரிவாள் மாதிரி வளைந்த ரத்தச் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் ரத்த ஓட்டத்தை அடைக்கும். கண்குழி எலும்பிலும் அப்படி அடைக்கலாம். அப்போது எலும்பை ஒட்டி ரத்தம் கட்டி, விழியை முன்னே தள்ளும். பார்வை நரம்பை அழுத்தினால் ஆபத்து. சலைன் போட்டு, வலிக்கு ஊசி போட்டு, விரல்களை எண்ணச் சொன்னோம். சரியாக எண்ணினான். ஸ்கேனுக்காக 108இல் கோவைக்கு அனுப்பினோம். நரம்பு அழுந்தவில்லை. ஆபரேஷன் இல்லாமலே, மருந்திலேயே வீக்கம் வடிந்தது.

அப்பா இப்போதும் மாதாமாதம் மகனுக்கு மாத்திரை வாங்க வருகிறார். அன்றைக்குப் பார்த்த பார்வைக்கு அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.