தண்டாயுதம்

அப்பாவுக்கு ஊன்றுகோல் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதில் இரண்டு வாரம் அது கதவு மூலையில் குடைக்குத் துணையாக நின்றது. "79 வயது என்று ஊருக்குத் தண்டோரா போடவா?" என்பார். இடது முழங்கால் மடங்க மறுத்தது. அவரும் பிடிவாதத்தை மடக்க மறுத்தார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பை எடுத்துக்கொண்டால்தான் வடபழனிக்குக் கூட்டிப்போவேன் என்றேன். முருகன் பெயரைச் சொன்னதால் எடுத்துக்கொண்டார்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியவர் கம்பையும் சேர்த்து நீட்டிவிட்டார். "சன்னதிக்குள் எதற்கம்மா இதெல்லாம்?" என்று ஒரு நியாயம் வேறு. உள்ளே நிற்பவரே காலில் பாதரட்சையும் கையில் தண்டமுமாக நிற்கும் ஆண்டவர்தானே, நீங்கள் மட்டும் இரண்டையும் வெளியே விட்டுவிட்டு வருகிறீர்களே என்றேன். பதில் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம். 19ஆம் நூற்றாண்டில் அண்ணாசாமித் தம்பிரான் ஒரு கீற்றுக்கொட்டகையில் பழனியாண்டவர் படத்தை வைத்துப் பூஜை செய்த இடம் என்பதை இன்றைய நெரிசலில் நின்றுகொண்டு நம்புவது கடினம். எங்கள் முறை வந்தபோது அலங்காரம் கண்ணை நிறைத்தது. மாலைக்கும் பட்டுக்கும் நடுவில் அப்பா எட்டி எட்டித் தண்டத்தைத் தேடினார். எனக்குக் கற்பூர ஒளியில் அந்தச் சிரித்த முகம் ஒரு கணம் தெரிந்தது. கேட்க வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. எப்போதும் இப்படித்தான், வெளியே வந்த பிறகுதான் வேண்டுதல் ஞாபகம் வரும்.

பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்பா வேலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆழ்ந்து, அகன்று, கூர்ந்து இருப்பதுதான் ஞானம். நீண்ட காம்பும் அகன்ற இலையும் கூர்நுனியுமாக வேல் அதைத்தான் காட்டுகிறது என்பது அவர் தாத்தா சொன்ன விளக்கமாம். சூரனை வெல்ல அம்மை கொடுத்தது வேல். ஆனால் தண்டத்தை யார் கொடுத்தார்கள்? ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு மலையேறிய பிள்ளையின் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். எதுவும் வேண்டாம் என்றவனும் கம்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நான் சொன்னதும், "அவருக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது" என்றார் அப்பா.

மதியம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1851இல் தொடங்கியது, வெயிலுக்கு ஒதுங்கவும் நல்ல இடம். என்னைக் கேட்டால் அங்கிருக்கும் அமராவதிச் சிற்பங்களைக் கோயிலுக்குப் போகும் மனநிலையோடுதான் பார்க்கவேண்டும். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த மகாஸ்தூபத்தைச் சுற்றி நின்ற சுண்ணாம்புக்கற்கள் அவை. ஒரு பங்கு இங்கே இருக்கிறது, இன்னொரு பங்கு கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது.

ஒரு பலகையின் முன்னால் அப்பா நின்றுவிட்டார். நடுவில் ஒரு தூண், அதன் இரு விளிம்பிலும் தீக்கொழுந்துகள். கீழே இரண்டு திருவடிகள், உச்சியில் மூன்று முனைகளாக விரியும் ஒரு சின்னம். ஆள் மட்டும் இல்லை. பழைய காலத்துப் பௌத்தச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் செதுக்காமல் சக்கரம், பாதம், காலி ஆசனம் என்று குறிப்பாலேயே காட்டினார்கள். அப்பாவுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "அஸ்திரதேவர்!" என்றார்.

அவர் வளர்ந்தது மயிலாப்பூரில். சிவன் கோயில் தீர்த்தவாரியில் குளத்தில் முழுகுவது சுவாமி அல்ல, அவருடைய சூலம். அதற்குத்தான் அஸ்திரதேவர் என்று பெயர். பெருமாள் கோயில் என்றால் சக்கரத்தாழ்வார் முழுகுவார். ஆயுதத்தைக் குளிப்பாட்டினால் ஆண்டவனையே குளிப்பாட்டியதாகக் கணக்கு. பலகையின் உச்சியில் இருப்பது சூலம் அல்ல, புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் சின்னம் என்று திருத்தப் பார்த்தேன். "இருக்கட்டுமே. ஆளைக் காட்டாமல் பொருளைக் காட்டினால் போதும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது" என்றார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

கையிலிருக்கும் பொருளைத் தெய்வத்தின் மொழியாக்குவதில் இரு சமயமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ததீசி முனிவரின் எலும்பில் செய்த இந்திரனின் வஜ்ராயுதம், திபெத்திய லாமாவின் உள்ளங்கையில் மணிக்கு ஜோடியாக அடங்கியிருக்கிறது. பௌத்தர்களின் ஞான வடிவான போதிசத்துவர் மஞ்சுஸ்ரீயின் வாள் அறியாமையைத் தவிர வேறெதையும் வெட்டுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது சீன, ஜப்பானியத் துறவிகளின் வளையம் கோத்த கோல். நடக்கும்போது அது கலகலவென்று ஒலிக்கும். காலடியில் இருக்கும் புழுபூச்சி விலகிக்கொள்ளும், பிச்சைக்கு ஆள் வந்திருப்பது வீட்டுக்காரருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் பாலி விநய நூலின்படி ஒரு பிக்கு நினைத்தவுடன் கோல் ஊன்றிவிட முடியாது. உடல் முடியாதவர் சங்கத்தின் முன் வந்து கேட்கவேண்டும். சங்கம் கூடிச் சம்மதம் தரவேண்டும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "கேட்டு வாங்கவேண்டிய பொருளா அது? என்னிடம் கெஞ்சியல்லவா கொடுத்தீர்கள்!" வாசல் வரை ஊன்றிக்கொண்டே நடந்தார். நான் கவனிக்காததுபோல் முன்னால் போனேன்.

திருவல்லிக்கேணிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். மீசையோடு நெடிதுயர்ந்து நிற்கும் வேங்கடகிருஷ்ணனிடம் சங்கு இருக்கிறது, சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்று வாக்குக் கொடுத்த கோலம். ஆனாலும் பீஷ்மர்மேல் சினம் பொங்கியபோது வாக்கையும் மறந்து சக்கரத்தோடு பாய்ந்தார் என்கிறது பாரதம். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் அம்பு தைத்த வடுக்கள். தேர் ஓட்டியவர் அல்லவா, முதல் அம்பு அவருக்குத்தான். ஆயுதம் இல்லாத தெய்வத்தின் முன் நிற்கும்போது வரும் பயமின்மை வேறு மாதிரியானது. அங்கே என் கண் நிறைந்தது. ஏன் என்று விளக்க முயன்றால் கெட்டுவிடும்.

இந்தப் பெருமாளை வேண்டிப் பெற்ற பிள்ளைதான் இராமானுசர் என்பது வைணவ மரபு. மூன்று கோல்களைச் சேர்த்துக் கட்டிய திரிதண்டம் அவருடையது. சகோதரி மகன் முதலியாண்டானையே தம் திரிதண்டம் என்று அவர் சொன்னதாகக் கேட்டிருக்கிறோம். ஆளே கோலாகலாம் என்பதை அப்பாவிடம் நைசாக எடுத்துவிட்டேன். "உன் தோளைவிடக் கம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது" என்றார்.

வெளியே கொடிமரத்தடியில் தயங்கினார். சென்ற வைகுண்ட ஏகாதசி வரைக்கும் அங்கே விழுந்து சேவித்தவர். "கம்பு விழுவதுபோல் விழவேண்டும் என்றுதான் அதற்குத் தெண்டன் என்று பெயர். இப்போது கம்பு இருக்கிறது, விழத்தான் முடியவில்லை" என்றார்.

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, ஊன்றுகோலைத் தரையில் கிடத்தினார். கிழக்கு நோக்கிய சன்னதியில் வடக்கே தலைவைத்து விழவேண்டும் அல்லவா? வளைந்த கைப்பிடியை வடக்கே திருப்பி, ரப்பர் முனை தெற்கே இருக்கும்படி சரிபார்த்துவிட்டு நிமிர்ந்து கைகூப்பினார்.

பின்னால் ஓடிவந்த ஒரு சின்னப் பையன் அதைத் தாண்டப் போனான். அவன் அம்மா சட்டென்று கையைப் பிடித்து இழுத்து, சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள்.