விறகு லாரியும் பசுமை மின்சாரமும்

பயோமாஸ் மின்நிலையத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் பாதிப் பேர் சாண எரிவாயுவா என்று கேட்பார்கள். இல்லை. விறகை எரித்து, பாய்லரில் நீராவி எடுத்து, டர்பைனைச் சுற்றவிட்டு மின்சாரம் எடுக்கிற வேலை. அனல் மின்நிலையமேதான், நிலக்கரிக்குப் பதிலாகச் சீமைக் கருவேலங்கட்டை, உமி, கடலைத் தோல், தென்னை மட்டை என்று கிடைத்ததையெல்லாம் போடுவோம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இரண்டாயிரங்களில் இப்படிச் சில நிலையங்கள் வந்தன. அதில் ஒன்றில் எரிபொருள் கொள்முதல் என் பொறுப்பு. நிலையத்தின் பெயர் வேண்டாம், இப்போது அது ஓடவும் இல்லை.

பத்து மெகாவாட் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.3 கிலோவிலிருந்து 1.5 கிலோ வரை கட்டை வேண்டும், அப்படியானால் மணிக்கு 13-லிருந்து 15 டன், ஒரு நாளைக்கு 300 டன்னுக்கு மேல். லாரிக்குப் பத்து டன் என்று வைத்தால் தினமும் முப்பது லாரிக்குக் குறையாமல் எடை மேடையில் ஏறி இறங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பாய்லருக்குக் கிடையாது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அங்கே எரிபொருளுக்கு என்று ஒரு துறையே தேவையில்லை. எங்கள் இடத்தில் அந்தத் துறைதான் நிலையம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

விறகு வாங்குவது என்பது உண்மையில் தண்ணீர் வாங்காமல் தப்பிப்பது. அன்று வெட்டிய பச்சைக் கருவேலத்தில் நாற்பது, நாற்பத்தைந்து சதவீதம் ஈரம் இருக்கும். டன்னுக்கு நானூறு கிலோவுக்கு மேல் தண்ணீர், அதற்கும் விறகு விலை. சரி, காசு போனால் போகட்டும் என்றாலும் விடாது, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே அடுப்பின் சூட்டில் ஒரு பங்கு போய்விடும். காய்ந்த கட்டையில் கிலோவுக்கு ஏறக்குறைய 3,200 கிலோகலோரி கிடைத்தால், பச்சையில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் கிடைக்கும். ஈரம் பார்க்கும் கருவி ஆய்வகத்தில் இருந்தது, ஆனால் லாரியை நிறுத்திவைத்து மாதிரி எடுத்துக் காயவைத்துப் பார்ப்பதற்குள் பின்னால் பத்து வண்டி நிற்கும். ஆகவே யார்டு என்று நாங்கள் சொல்லும் விறகுக் கிடங்கின் மேஸ்திரிதான் எங்கள் கருவி. லாரி மேல் ஏறி, நடுவிலிருந்து இரண்டு கட்டையை உருவி ஒன்றோடு ஒன்று தட்டுவார். காய்ந்த கட்டை கணீரென்று சத்தம் கொடுக்கும், பச்சை மொத்தென்று விழும். அடுத்து வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்ப்பார். நடுவிலிருந்து விரிசல் ஓடியிருந்தால் வெயில் பட்ட கட்டை. விரிசலே இல்லாமல் வழவழவென்று இருந்தால், "சார், இது நேத்துதான் வெட்டுனது" என்பார். கொண்டுவந்தவர் விடமாட்டார். "யாருண்ணே சொன்னா, பதினஞ்சு நாளு கம்மாய்க் கரையில கெடந்த கட்டை, வழியில தூறல் விழுந்துருச்சு." சித்திரை மாதத்தில் தூறல்! எடை கூடட்டும் என்று லாரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருவதும், அடியில் மண்ணோடு மிலாறை, அதாவது சுள்ளியைப் பரப்பி மேலே நல்ல கட்டை அடுக்குவதும் வாராவாரம் நடக்கிற விஷயம்.

மண் வேறு தலைவலி. கருவேலத்தை அரிவாளால் வெட்டினால் கட்டை சுத்தமாக வரும். ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினால் வேரோடு மண்ணும் வரும், அது பாய்லரின் கிரேட்டில், அதாவது விறகு எரிகிற இரும்புத் தட்டில், சாம்பலோடு சேர்ந்து உருகிக் கட்டியாகிவிடும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது இது நன்றாகத் தெரிந்தது. இனிமேல் உங்களுக்கு எரிபொருள் கொட்டிக்கிடக்கும் என்று வாழ்த்தியவர்கள் உண்டு. வந்ததில் பெரும்பகுதி மண் அப்பிய தூர்க்கட்டை.

அந்த நேரத்தில்தான் எங்கள் தொழிலின் அடிப்படை முரண்பாடே எனக்கு உறைத்தது. நீர்நிலைகளைக் காப்பாற்ற இந்த மரம் இருக்கவே கூடாது என்கிறது ஒரு கொள்கை. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது, சீமைக் கருவேலம் அதில் முதல் வரிசை. இன்னொரு கொள்கையோ இந்த மரத்தை எரித்து மின்சாரம் எடு, விலை தருகிறேன் என்கிறது. வேரோடு பிடுங்காமல் தூரை விட்டு வெட்டினால் மூன்று நான்கு வருடத்தில் மறுபடி வெட்டும் பதத்துக்குத் தழைத்துவிடும், எங்களுக்கு அதுதான் வேண்டும். கண்மாயை மீட்க நினைப்பவர்களுக்கு அதுதான் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே மரத்தை ஒரே ஊராட்சி ஏலத்தில் எடுத்தோம். கண்மாய் உள்வாயில் இருக்கிற மரத்தை வேரோடு எடுக்கட்டும், யாருக்கும் பயன்படாத தரிசில் இருப்பதைச் சுழற்சியாக வெட்டட்டும் என்று எழுத்தில் பிரித்திருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது. இது என் அபிப்பிராயம்.

அப்புறம் கார்பன் விஷயத்துக்கு வருவோம். பயோமாஸ் கார்பன் நடுநிலையானது, அதாவது எரியும்போது விடுகிற கரியை மரம் வளரும்போது திரும்ப இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் வரவேற்பறைச் சுவரில் பெரிய பலகை இருந்தது. புகைபோக்கியிடம் கேட்டால் அது வேறு சொல்லும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தருகிற பொதுக் கணக்கில் ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு விறகு விடுகிற கரியமில வாயு 112 டன், சாதாரண பிட்டுமினஸ் நிலக்கரி விடுவது 94.6 டன். அதாவது புகையில் விறகுதான் அதிகம். ஆனால் ஒரு நாட்டின் உமிழ்வுக் கணக்கை எழுதும்போது விறகின் புகையை எரிசக்தித் துறையின் கணக்கில் கூட்டுவதில்லை, மரத்தை வெட்டும்போதே நிலத்தின் கணக்கில் அது வந்துவிடும் என்பது விதி. விதி தப்பில்லை, நிலத்தின் கணக்கை யாராவது ஒழுங்காக எழுதுகிறவரை. ஒரு நாட்டில் வெட்டி இன்னொரு நாட்டில் எரிக்கும்போது இந்த ஓட்டை பெரிதாகத் தெரியும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் டிராக்ஸ் மின்நிலையம் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கப்பலில் பெல்லட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளைக் கொண்டுவந்து எரிக்கிறது. எரிக்கிற இடத்தில் உமிழ்வு பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறார்கள், வெட்டிய காடு திரும்ப வளர எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். டிம் சர்ச்சிங்கரும் இன்னும் சில விஞ்ஞானிகளும் 2009-லேயே சயன்ஸ் இதழில் இது கணக்குப் பிழை என்று எழுதினார்கள். அந்த அளவுகோலில் பார்த்தால் நான்கு வருடத்தில் தழைக்கிற கருவேலம் எவ்வளவோ மேல். ஆனால் எங்கள் யார்டுக்கு வந்தது எல்லாமே கருவேலம் இல்லை. தோப்பு அழித்துப் பிளாட் போட்ட இடத்து மாமரம், சாலை விரிவாக்கத்தில் விழுந்த புளிய மரம் எல்லாம் வந்தன. புளி திரும்ப வளர ஒரு தலைமுறை ஆகும், வளர்வதற்கு நிலமும் அங்கே இல்லை. எடைச் சீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: விறகு.

கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் சிடிஎம் (தூய்மை வளர்ச்சி முறை) என்று ஒரு ஏற்பாடு இருந்ததே, அதில் எங்களைப் போன்ற நிலையங்களுக்குக் கார்பன் கிரெடிட், அதாவது உமிழ்வைக் குறைத்ததற்கு விற்றுக் காசாக்கக்கூடிய சான்று கிடைத்தது. அதற்குத் தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்கிற முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிற எரிக்கக்கூடிய பயிர்க் கழிவு, எல்லோரும் பயன்படுத்துவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் அதிகமாக இருக்கிறதா? இருந்தால் நாங்கள் எடுப்பதால் யாரும் நிலக்கரிக்கு மாறவில்லை என்று அர்த்தம். நல்ல கேள்விதான். பதிலை ஒரு ஆய்வறிக்கை கொடுத்துவிடும்: பயிர்ப் பரப்பு, ஏக்கருக்கு இத்தனை கழிவு, பெருக்கினால் மலைபோல் உபரி. களத்தில் அந்த உபரியைத் தேடிப் போனால் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பார். வைக்கோல் மாட்டுக்கு, மிச்சம் கட்டுக்கட்டாகக் கேரளாவுக்கு லாரி ஏறும். உமி அரிசி ஆலையின் சொந்த பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் போகும். தடித்த கருவேலங்கட்டை கரிமூட்டக்காரருக்கு. எங்களுக்கு மிஞ்சுவது மெலிந்த கட்டையும் மிலாறும். நாங்கள் விலையை ஏற்றினால் சூளைக்காரர் ஏற்றுவார், அவர் ஏற்றினால் ஆலைக்காரர் உமியைப் பிடித்துவைப்பார். ஒரு காலத்தில் எடுத்துப்போனால் போதும் என்று விட்ட உமிக்கு முன்பணம் கட்டி வரிசையில் நின்றோம். மழைக்காலத்தில் வெட்டு நின்று யார்டு காலியாகும்போது 15 சதவீதம் வரை நிலக்கரி கலக்க விதியில் இடம் இருந்தது. அதுவும் இல்லையென்றால் நிலையத்தை நிறுத்த வேண்டியதுதான்.

கிரெடிட் விலையும் நிலைக்கவில்லை. 2008 வாக்கில் இருபது யூரோவை ஒட்டி விற்றது 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. அதன்பின் தணிக்கைக்காரர்களும் வரவில்லை, உபரி எவ்வளவு என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தத் தொழிலை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். நாங்கள் எரிபொருளுக்குக் கொடுத்த காசு அந்த வட்டாரத்திலேயே தங்கியது. கருவேலங்காட்டில் பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டியாக வெட்டுவார்கள், அவர் வெட்ட, அந்த அம்மா முள்ளைக் கழித்து அடுக்கும். டன் கணக்கில் கூலி, அடுத்து ஏற்றுக்கூலி, டிராக்டர்காரர், லாரிக்காரர், தரகர். மானாவாரி பொய்த்த வருடங்களில் பல வீட்டில் அதுதான் அடுப்பு எரிய வழி. சூரியத் தகடு இந்த வேலையைத் தராது. ஆனால் அதே காசுதான் நிலையத்தின் கழுத்தைப் பிடித்ததும். விறகு டன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு எரிபொருள் மட்டுமே ஏறக்குறைய நான்கிலிருந்து நாலரை ரூபாய் ஆகும். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் 2.44 ரூபாய்க்கு ஏலம் போனது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கேன்டீனில் யாரும் அதிகம் பேசவில்லை.

இப்போது அரசின் பார்வை அனல் மின்நிலையங்களில் நிலக்கரியோடு பயிர்க் கழிவுப் பெல்லட் கலப்பதன் பக்கம் போயிருக்கிறது. 2021 அக்டோபரில் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது, பிறகு கெடு தள்ளிப்போனது. பஞ்சாபுக்கு இது பொருந்தும். அறுவடை இயந்திரம் விட்டுப்போகிற நெல் தாளை, கோதுமை விதைப்பதற்கு முன் கிடைக்கிற இரண்டு மூன்று வாரத்துக்குள் வயலைவிட்டு அகற்றியாக வேண்டும், அங்கே அதை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அது நிஜமான உபரி. அதே உத்தரவைத் தஞ்சாவூர் வைக்கோலுக்குப் பொருத்தினால் மாடு வளர்ப்பவர்தான் அடிபடுவார்.

எனக்குக் கொடுத்தால் கருவேலத்தை மின்சாரமாக்கவே மாட்டேன். எங்கள் மாதிரி நிலையத்தில் விறகின் சூட்டில் இருபது சதவீதத்தை ஒட்டித்தான் மின்சாரமாகும், மீதி புகையோடும் குளிர்விக்கும் தண்ணீரோடும் போய்விடும். அதே கட்டையைச் சாயப்பட்டறையிலோ அரிசி ஆலையிலோ நல்ல பாய்லரில் நீராவிக்கு எரித்தால் எழுபது சதவீதத்துக்கு மேல் பயனாகும். பகல் மின்சாரத்துக்கு வெயில் இருக்கிறது, நீராவிக்கு வெயிலை நம்ப முடியாது. நிலையம் மூடியபின் நான் வந்து சேர்ந்தது இந்த பாய்லர்கள் பக்கம்தான். ஆலோசனைக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் பாய்லரின் திறனைக் காட்ட நினைப்பார்கள். நான் மூன்று மாத எடைச் சீட்டை எடுத்துவரச் சொல்வேன், எந்த ஊர்க் கட்டை, என்ன மரம், உங்களுக்கு முன்னால் அதை யார் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்கு இதுவரை கணக்குப்பிள்ளைகள் யாரும் பதில் சொன்னதில்லை. லாரி டிரைவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.