சந்திப்புகளைப் படியுங்கள்: மண்மேட்டு அளவாய்வுத் தாள்

தொல்லியல் தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன், அதுவும் எல்லோரும் பயந்த வரைபட விளக்கத் தாளில்தான் எனக்கு அதிக மதிப்பெண். கைவிடப்பட்ட ஊரின் மண்மேடுகளைக் காட்டும் வரைபடத்தைப் படித்து, எது முந்தியது, எது பிந்தியது என்று விளக்க வேண்டிய தாள் அது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் கைவிடப்பட்ட கிராமங்கள் என்றாலே 1348-ல் வந்த கொள்ளைநோய் ஊரைத் துடைத்தெறிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் பெரஸ்ஃபோர்டும் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை அகழ்ந்த 'வாரம் பெர்சி' (Wharram Percy) என்ற யார்க்ஷயர் கிராமத்தைப் பற்றி ஒழுங்காகப் படித்தவர் அப்படி எழுத மாட்டார். கொள்ளைநோய்க்குப் பிறகும் அங்கே குடிகள் இருந்தார்கள். 1500-ஐ ஒட்டி, உழவு நிலம் ஆட்டு மேய்ச்சலுக்குப் போனபோதுதான் ஊர் காலியானது.

ஆனாலும் என்னைக் காப்பாற்றியது வரலாறு அல்ல, சந்திப்புகள். வரைபடம் கைக்கு வந்ததும் 'இது வீட்டு மேடை, இது பள்ளப்பாதை, இது மீன்குளம்' என்று பெயர் சூட்டாதீர்கள். ஒரு மேடு இன்னொன்றைத் தொடும் இடங்களை மட்டும் முதலில் பென்சிலால் வட்டமிடுங்கள். உழவு மேடுகள் (ஏர் ஓட்டி ஓட்டி எழுந்த நீள மண்வரிகள்) ஒரு கொல்லையின் எல்லைக்கரைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் தொடர்கின்றனவா? வயல் முந்தியது, குடியிருப்பு பிந்தியது. வீட்டு மேடைகளின் மேலேயே உழவு ஓடியிருக்கிறதா? ஊர் போன பிறகு ஏர் வந்திருக்கிறது. மேடுகள் கரையோரம் வந்து நின்றுவிடுகின்றனவா? அவசரப்படாதீர்கள், இரண்டும் ஒரே காலத்தவையாகவும் இருக்கலாம். ஆண்டு எதுவும் தெரியாமலே முன்பின் வரிசை கிடைத்துவிடும். பதிலை அந்த வரிசையிலேயே எழுதினேன். பெயர்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. நான்கு பேர் கூடினால் ஒவ்வொரு பள்ளமும் அகழியாகிவிடுகிறது. பழைய வரைபடங்களோடு தனியே உட்காருங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஹாஷூர் கோட்டின் (வரைபடத்தில் சரிவைக் காட்டும் சிறு கோடு) தடித்த முனை சரிவின் உச்சியில், கூர்முனை அடிவாரத்தில். தலைகீழாகப் போட்டால் மேடு குழியாகிவிடும்.
- திருப்பிப்போட்ட 'எஸ்' போல வளையும் உழவு மேடு, நீண்ட எருதுப்பூட்டைத் திருப்பிய தடம். குறுகலாக, நூல் பிடித்தாற்போல நேராக ஓடுபவை பெரும்பாலும் பிற்காலத்தவை. அவற்றையும் இடைக்காலக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
- லைடார் படத்தை (வானிலிருந்து லேசரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து எடுத்த படம்) ஒரே ஒளித்திசையில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒளிக்கு இணையாக ஓடும் கரை மறைந்துவிடும்.
- திறந்தவெளி வயல்முறைக்கு (வேலியில்லாப் பெருவயலில் ஆளுக்குச் சில பட்டைகளாகப் பயிரிடுவது) நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் ஒன்றே போதும். அங்கே அந்த முறை இன்றும் நடக்கிறது. 1635-ல் எடுத்த நில அளவைப் படமும் இருக்கிறது. நான்கைந்து ஊர்ப்பெயர்களை அடுக்குவதைவிட அந்தப் படத்தில் ஒரு ஃபர்லாங்கை (இங்கே நீள அளவு அல்ல, ஒரே திசையில் ஓடும் வயல்பட்டைகளின் தொகுதி) விவரிப்பது மேல்.
- அளவுகோலும் வடதிசை அம்புக்குறியும் போட மறந்த வரைபடத்துக்கு இரக்கம் கிடையாது.